மூன்று பேர் உப்புப் போட்ட இன்ஜின்

"ஏனுங்க பாய், பத்து மணிக்கு பரோட்டாவுக்கு எங்க போறது?" என்றார் பாலாடா ஓட்டல்காரர்.

பரோட்டா வேண்டாம், பிசைந்து வைத்த மாவில் ஓர் எலுமிச்சம்பழ அளவு கொடுத்தால் போதும் என்றேன். எதற்கு என்று கேட்டார். இன்ஜினுக்கு என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே போஜனுடைய ஷெட் இருக்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் மெஷினிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் ஜீப் வரை எதற்கும் அவன்தான் மெக்கானிக். அவன் ஷெட்டிலிருந்து யார் என்ன கேட்டு வந்தாலும் பாலாடாவில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. மாவைப் பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு தூறலில் ரோட்டைக் கடந்தேன். குடை ஓட்டலிலேயே கிடந்தது. அவ்வளவு கோபம்.

அந்த மாவு, போஜன் செய்த தப்பைப் புட்டுப் புட்டு வைக்கப்போகிறது என்று நான் நிச்சயமாக நம்பினேன். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவனை ஒரு தடவையாவது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவனுக்கும் என்மேல் அதே ஆசை உண்டு.

ஏலத்தில் வந்த வண்டி

கோபத்தைச் சொல்லுமுன் காரைச் சொல்லியாக வேண்டும். "நீங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிறீர்களா, கதை நடத்துகிறீர்களா?" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டாவதுதான் அதிகம் நடக்கும் ஐயா.

அது இரண்டே பேர் உட்காரும் இங்கிலீஷ் கார். கூரை கிடையாது. மூக்கு நீளம், முதுகு குட்டை. என்னைவிட வயதில் மூத்தது. கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் அதற்குச் சாமான் கேட்டுக் கடையில் வந்து நிற்பார்கள்.

அதன் சொந்தக்காரர் வேலாயுதம். ஒரு டீ எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலை எவ்வளவு வாட வேண்டும், எவ்வளவு உருள வேண்டும், எப்போது சூளைக்குள் போக வேண்டும் என்று மூக்கை வைத்துத் தீர்மானிக்கும் உத்தியோகம் அது. ஊரே அவரை மேக்கர் ஐயா என்றுதான் கூப்பிடும்.

எஸ்டேட்காரர்கள் பழைய ஷெட் ஒன்றைக் காலி செய்தபோது, துருப்பிடித்த இலை உருட்டும் ரோலர்களோடு சேர்த்து தார்ப்பாய் போர்த்திய இந்த வண்டியையும் ஒரே குவியலாக ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் ரோலருக்காகக் கேட்டார்கள். இவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

சின்னப் பையனாக இருந்தபோது சிலோன் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அரை நூற்றாண்டு இங்கே இருந்தும் சர்க்கரையைச் சீனி என்பார், ரயிலைக் கோச்சி என்பார். பேச்சு எப்போதும் நிதானம். மூன்று வார்த்தை சொல்வார், நிறுத்துவார், பிறகு இன்னும் மூன்று வார்த்தை. டீயை வாயில் வைத்து உருட்டிப் பார்த்தே பழகிய மனுஷர், வார்த்தையையும் அப்படித்தான் உருட்டிப் பார்க்கிறார் என்று நானும் போஜனும் பேசிக்கொள்வோம். அந்த நிதானத்துக்கு எங்களிடம் ஒரு தனி மரியாதை இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் கடைக்கு வந்தார். "பனி விழறதுக்கு முன்னாடி... வண்டி ஓடணும்... பாய்" என்றார்.

ஏன் பனிக்கு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. டிசம்பர் வெயிலில் ஊட்டி ரோட்டில் நாலு பேர் பார்க்கக் கூரையில்லாமல் ஓட்ட ஆசைப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கடைசி வாய்ப்பு

இன்ஜினைப் பிரித்துப் பார்த்ததும் போஜன் முகம் சுருங்கியது.

சிலிண்டர் தேய்ந்துபோனால் அதை உள்ளே குடைந்து வட்டத்தைச் சரி செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் மெலியும். இந்த இன்ஜினை ஏற்கெனவே பலமுறை குடைந்திருந்தார்கள். இப்போது குடைவதுதான் கடைசி. இதற்குமேல் குடையச் சுவரும் இல்லை, வேறு இன்ஜின் வாங்கிப் போட இந்தியாவில் கிடைக்கவும் கிடைக்காது. இந்தத் தடவை உள்ளே ஏதாவது உடைந்தால் வண்டி மறுபடி தார்ப்பாய்க்குள் போக வேண்டியதுதான்.

மேக்கர் ஐயாவிடம் அதை மறைக்காமல் சொன்னோம். கேட்டுக்கொண்டார். "சரியாப் பொறுக்கிப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பொறுக்குவது என் வேலை. அந்தக் கம்பெனிக்கென்று செய்த பிஸ்டன் வெளிநாட்டில் கிடைக்கிறது, ஆனால் எங்கள் கடைசிக் குடைவின் அளவுக்கு இல்லை. அதனால் வேறு வண்டிகளுக்குச் செய்த பிஸ்டன்களில் இதற்குச் சேர்வது எது என்று தேட வேண்டும். வட்டம் சேர வேண்டும், பிஸ்டனையும் தண்டையும் இணைக்கும் பின்னின் கனம் சேர வேண்டும், அந்தப் பின்னிலிருந்து தலைவரை உள்ள உயரம் சேர வேண்டும், நாலும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒன்று சேர்ந்தால் ஒன்று சேராது. பெண் பார்த்த மாதிரி இரண்டு மாவட்டம் அலைந்தேன். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு கடையிலும் வெர்னியரும் கையுமாக நின்றேன்.

வெர்னியர் என்பது மில்லிமீட்டரைப் பத்தாகவும் இருபதாகவும் பிரித்துக் காட்டும் அளவுக் கருவி. வாப்பா காலத்து வெர்னியர் என்னுடையது. பேனாவை மறந்தாலும் அதைச் சட்டைப்பையில் வைக்க மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரி அதை என் மூத்த சம்சாரம் என்பாள்.

கடைசியில் ஒரு செட் அகப்பட்டது. வட்டம் சரி. பின் சரி. தலை மட்டும் பழைய பிஸ்டனைவிட ஒரு மில்லிமீட்டர் உயரம்.

இன்னொரு ஊர்க்காரனாக இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்திருப்பான். நான் மலைக்காரன். அந்த ஒரு மில்லிமீட்டரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மலைக்கு ஒரு சீவல்

காரணம் உண்டு. எங்கள் மலையில் காற்று லேசு. பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் எவ்வளவு இறுக்கி அழுத்தப்படுகிறதோ, இன்ஜினுக்கு அவ்வளவு வலு. காற்று லேசானால் அழுத்தம் குறையும். கீழே துள்ளி ஓடும் வண்டி பர்லியார் தாண்டியதும் முக்க ஆரம்பிப்பது அதனால்தான்.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இன்ஜினைப் பிரித்தால், சிலிண்டருக்கு மூடியாக இருக்கும் ஹெட்டின் அடிப்பக்கத்தை மெஷினில் கொஞ்சம் சீவிவிடுவார்கள். மூடி இறங்கினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும், மலையில் போன வலு திரும்பி வரும். 'மலைக்கு ஒரு சீவல்' என்று அதற்குப் பேர். கேட்டுச் செய்வதும் இல்லை, சொல்லிச் செய்வதும் இல்லை. கை தானாகச் செய்துவிடும்.

பிஸ்டனின் தலை உயர்ந்தாலும் அதே பலன்தான். ஆக ஒரு மில்லிமீட்டர் உயரப் பிஸ்டன் என்றால், மலைக்கு வேண்டியதை நானே கடையிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி. போஜனிடம் சொன்னால் 'அதான் எனக்குத் தெரியுமே' என்பான். சொல்லாமலே கொடுத்தேன். வண்டி மேட்டில் பறக்கும்போது ஒரு நாள் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

நகைக்கடைத் தராசு

நாலு பிஸ்டனும் ஒரே எடையா என்று பார்க்க, குன்னூர் பஜாரில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்குத்தான் போவேன். என் கடைத் தராசில் சில கிராம் வித்தியாசம் தெரியாது. அங்கே தங்கத்தராசு.

அன்று கடையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். மணப்பெண் கழுத்தில் ஆரத்தை வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முண்டியடித்து உள்ளே போய், கண்ணாடி மேஜைமேல் வெல்வெட் துணி விரிக்கச் சொல்லி, நாலு பிஸ்டனையும் எடுத்து வைத்தேன். பெண்ணின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கடைக்காரர் சளைக்காதவர். ஒவ்வொன்றாக நிறுத்து, சீட்டில் எழுதினார். இரண்டாவது பிஸ்டன் மூன்று கிராம் அதிகம். "உள்பக்கம் அராவினால் சரியாயிடும். செய்கூலி வேண்டாம், சேதாரம் மட்டும் குடுத்துருங்க பாய்" என்றார். அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த மூன்று கிராமை அராவி எடுத்த பிறகு நாலும் ஒரே எடைக்கு வந்தன. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் நான். அதனால்தான் தப்பு என் பக்கம் இருக்காது என்று நினைத்தேன்.

டிக்

பிஸ்டன் போட்டு, ஹெட்டை மூடி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நாளும் வந்தது. மேக்கர் ஐயா பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன்.

போஜன் கிராங்கில் ஸ்பானரை மாட்டி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். எண்ணெய் எல்லா இடமும் போக வேண்டும் அல்லவா. இரண்டாவது சுற்றில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. நகம் தகரத்தில் பட்டது போல, டிக்.

மறுபடி சுற்றச் சொன்னேன். மறுபடி டிக். புது ரிங்கு, அப்படித்தான் இறுக்கமாக இருக்கும் என்றான் போஜன். நான் விடவில்லை. நீ கேம்ஷாஃப்டை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

வால்வைத் திறந்து மூடும் தண்டு அது. போஜன் அதைக் கோயம்புத்தூருக்குக் கொடுத்தனுப்பி, வால்வு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும்படி தேய்த்து வாங்கியிருந்தான். காற்று நிறைய உள்ளே போகட்டும் என்ற எண்ணம்தான். ஆனால் கூடுதலாகத் திறக்கும் வால்வு கீழே இறங்கிவரும். மேலே ஏறிவரும் பிஸ்டன் அதை முட்டினால் என்ன ஆகும்? வால்வு வளையும், பிஸ்டன் உடையும், உடைந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கிழிக்கும். ஸ்டார்ட் ஆன ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

உன் கேம்ஷாஃப்ட்தான் முட்டுகிறது என்று நான் கத்தினேன். போஜன் கத்த மாட்டான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "வேணும்னா மாவு வச்சுப் பாருங்க பாய். யாரு முட்டறாங்கன்னு தெரிஞ்சுரும்" என்றான்.

இப்படித்தான் நான் தூறலில் பரோட்டா மாவு வாங்கப் போனேன்.

மாவு சொன்னது

இதற்குக் களிமண் வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எங்களுக்கு மைதாதான். முட்டை சேர்க்காத மாவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டும்.

ஹெட்டைக் கழற்றினோம். முதல் பிஸ்டனின் தலைமேல் மாவை அடை போலத் தட்டிவைத்து, மேலே எண்ணெய் தடவினோம். ஹெட்டை மறுபடி முறைப்படி இறுக்கினோம். போஜன் இன்ஜினை முழுதாக இரண்டு சுற்று சுற்றினான். திரும்பவும் ஹெட்டைத் தூக்கினோம்.

வால்வு இரண்டும் மாவில் நிலாப்போல் தடம் பதித்திருந்தன. பிளேடால் குறுக்கே அறுத்து, மிச்சமிருக்கும் மாவின் கனத்தைப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஒரு வால்வுக்குக் கீழே காகிதக் கனம் இருந்தது. இன்னொன்றுக்குக் கீழே மாவே இல்லை. பிஸ்டனின் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது.

பார்த்தாயா என்று நான் குதித்தேன். போஜன் என் சட்டைப்பையிலிருந்து என் வெர்னியரையே எடுத்து, பிஸ்டன் சிலிண்டர் விளிம்புக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஒரு மில்லிமீட்டர் சமாசாரத்தை ஒப்புக்கொண்டேன்.

"மலைக்கா?" என்றான்.

"மலைக்குத்தான்" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனும் என்னிடம் சொல்லாமல் ஹெட்டை மலைக்கு ஒரு சீவல் சீவியிருந்தான்.

அத்தோடும் நிற்கவில்லை. ஹெட்டின் கனத்தை அளந்தேன். அவன் சீவியதாகச் சொன்னதைவிட இரண்டு பங்கு குறைந்திருந்தது. ஒரே சீவல்தான் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். எனக்கு அவனை நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. இருவரும் ஹெட்டை நடுவில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்தோம்.

அப்போது மேக்கர் ஐயா கையில் ஊட்டி வர்க்கிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்.

நடந்ததைச் சொன்னோம். ஹெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எஸ்டேட் வொர்க்‌ஷாப்ல... அந்தக் காலத்துலயே ஒருக்கா... மலைக்குன்னு சீவுனாங்க. சொல்லணும்னு... தோணல" என்றார்.

ஆக, எஸ்டேட் ஃபிட்டர் ஒரு தடவை, நான் ஒரு தடவை, போஜன் ஒரு தடவை. ஒரே குழம்புக்கு வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு கை உப்புப் போட்ட கதை. எல்லாருமே நல்ல எண்ணத்தில்தான் போட்டோம். என் உப்புதான் இருப்பதிலேயே பெரிய பிடி.

கீழே போனால்

எனக்கு முதலில் வந்தது வெட்கம். அதற்குப் பின்னாலேயே பெரிய ஆறுதல். சாவியைத் திருப்பவில்லையே, அல்ஹம்துலில்லாஹ். ஒரு உருண்டை மைதா மாவு எங்களைக் காப்பாற்றிவிட்டது. அந்த உற்சாகத்தில் நான் வளவளவென்று பேச ஆரம்பித்தேன். பயப்பட ஒன்றுமில்லை, வால்வு முட்டாதபடி பிஸ்டன் தலையில் குழி எடுத்துவிடலாம், அழுத்தம் கூடுதலாக இருப்பது நல்லதுதான், நம் லேசுக் காற்றுக்குத் தாங்கும், வண்டி தொட்டபெட்டாவில் ஆடு மாதிரி ஏறும் என்றேன். மேட்டுப்பாளையம் பக்கம் மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள் என்று வேடிக்கையாக ஒரு வார்த்தையும் சேர்த்தேன்.

மேக்கர் ஐயா சிரிக்கவில்லை. "கீழ போனா... என்ன ஆகும்?" என்று கேட்டார்.

போஜன் விளக்கினான். கீழே காற்று அடர்த்தி. இவ்வளவு அழுத்தத்தில் பெட்ரோல் வேளை கெட்டு வெடிக்கும். சுத்தியலால் அடிப்பது போல உள்ளே தட்டும். ஒரே நாளில் பிஸ்டன் ஓட்டையானாலும் ஆகலாம்.

அவர் வர்க்கிப் பொட்டலத்தை பெஞ்சின்மேல் வைத்தார்.

"நான் கீழதான் போறேன் பாய். மேட்டுப்பாளையம்... மக ஊட்டுக்கு. போய்... அங்கயே இருந்துரணும். நுரையீரல் கெட்டுப்போச்சு. இந்தக் காத்து... பத்தலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பனிக்காலம்... இங்க தாங்காதாம்."

நாங்கள் இத்தனை நாளும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தது நிதானத்துக்கு அல்ல, மூச்சிரைப்புக்கு என்று அப்போதுதான் விளங்கியது. ஏன் ஐயா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று போஜன் கேட்டான்.

"சொன்னா... எல்லாரும் பாக்க வருவாங்க. வந்து அழுவாங்க" என்றார். பிறகு காரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சின்னதுல ஒரு மலைய விட்டு... இறங்கினேன். யாரும் என்னைக் கேக்கல. தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து லாரி... அப்புறம் கோச்சி, கப்பல், மறுபடி கோச்சி. பொட்டியோட பொட்டியா... என்னையும் ஏத்தி எறக்குனாங்க. இந்தத் தடவ... நானே ஓட்டிக்கிட்டு போகணும் பாய்."

பனி விழுவதற்கு முன்பு என்று அவர் சொன்னதன் பொருள் அதுதான். எது எதற்குச் சேரும் என்று இருபது கடையில் அளந்த நான், வண்டி எங்கே ஓடப்போகிறது என்று ஒரு தடவை கேட்கவில்லை. போஜனும் கேட்கவில்லை. மலையில் இருக்கிறவர் மலையில்தான் இருப்பார் என்று எங்கள் இருவருக்கும் எண்ணம்.

உப்பைக் குறைத்தோம்

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள். கணக்கைக் கீழிருந்து மறுபடி போட்டோம்.

பிஸ்டன்கள் நாலையும் லேத்தில் கொடுத்து, நான் பெருமைப்பட்ட அந்த ஒரு மில்லிமீட்டரை வழித்து எடுத்தோம். இரண்டு சீவல் வாங்கிய ஹெட்டுக்கு ஈடாக, வழக்கத்தைவிடக் கனமான செப்புத் தகட்டில் கேஸ்கெட் வெட்டி ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் வைத்தோம். போஜன் ஆசை ஆசையாகத் தேய்த்து வாங்கிய கேம்ஷாஃப்டை யாரும் சொல்லாமல் தானே உருவி எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய சாதுவான தண்டையே மாட்டினான். அன்று முழுதும் நான் அவனைக் கேலி செய்யவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும்.

பிஸ்டன்களை மறுபடி நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். "மெலிஞ்சு போச்சுங்களே" என்றார் கடைக்காரர். நாலும் ஒரே எடை.

மறுபடி மாவு வாங்கினேன். ஓட்டல்காரர் குடையையும் சேர்த்துக் கொடுத்தார். இந்தத் தடவை அறுத்துப் பார்த்தபோது, வால்வுத் தடங்களுக்குக் கீழே மாவு தோசைக் கனத்துக்கு நின்றது. அளந்தேன். இரண்டுக்கும் மேலே. போஜனும் வாங்கி அளந்தான். பிறகு மேக்கர் ஐயாவிடம் கொடுத்தோம். அவர் மாவைப் பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இன்ஜின் மூன்றாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. மலைக்காற்றில் அதற்கு வலு கம்மிதான். பாலாடா மேட்டில் ஒரு கேரட் ஜீப் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனது. போஜன் ஜாடையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேக்கர் ஐயாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

பதினாலு வளைவு

அவர் இறங்கிய அன்று, பக்கத்துச் சீட்டில் நான். சாமான்களோடு மகள் முதல் நாளே போய்விட்டார். மேக்கர் ஐயா ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளித் தொப்பி என்று மூட்டையாக உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து சட்டைப்பையில்.

என் சீட்டுக்கு அடியில் ஒரு கயிறு இருந்தது. வண்டி நின்றுபோனால் கட்டி இழுக்கும் தடித்த கயிறு. அவர் பார்க்காதபோது நான்தான் சுருட்டி வைத்தேன்.

காட்டேரி தாண்டினோம், பர்லியார் தாண்டினோம். இறக்கத்தில் எந்த இன்ஜினும் நல்ல பிள்ளைதான். உள்ளே தட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கீழே சமதளத்துக்கு வந்து அழுத்தி மிதித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காதில் காற்று அடைத்து அடைத்துத் திறந்தது. மனதுக்குள் எனக்குத் தெரிந்த துவாவெல்லாம் ஓதிக்கொண்டு வந்தேன்.

கல்லாரில் பாக்குத் தோப்புகள் வந்தன. ரோடு நேரானது. வெக்கை முகத்தில் அடித்தது.

"மிதிக்கட்டா பாய்?" என்றார்.

மிதியுங்கள் என்றேன். மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். தட்டலே இல்லை. மேலே முக்கி முனகிய அதே இன்ஜின், தடித்த காற்றை இழுத்துக்கொண்டு ஒரே சீராக உறுமியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்று பட்டு வந்தது என்று அவரிடம் சொன்னேன்.

தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார், மஃப்ளரைக் கழற்றினார், ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார். ஒரு கடையில் டீ வாங்கிக் குடித்தோம். டீ மோசம் என்று சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார். மகள் வீட்டு வாசலில் அவரை விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். கயிற்றை எடுக்க மறந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து, கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் போன் வந்தது. மேக்கர் ஐயா. நலம் விசாரிக்க நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் பாய், எம் வண்டி சீட்டுக்கு அடியில அத்தாம் பெரிய கயித்தச் சுருட்டி வச்சது நீங்கதானே, போஜனா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டு வச்சிருப்பான், நாப்பது வருஷம் மெஷினோட நின்னவன் நான், உங்களுக்கு எம் மேல நம்பிக்க இல்லயா இல்ல உங்க பிஸ்டன் மேலயே நம்பிக்க இல்லயா, மக பாத்துட்டு இது என்னத்துக்குப்பான்னு கேக்கறா, நான் என்னன்னு சொல்றது..."

சமாதானம் சொல்ல வந்தவன் அப்போதுதான் கவனித்தேன். அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை இல்லை, முப்பது வார்த்தைக்கு ஒரு தடவையும் இல்லை. ஒரே மூச்சில் என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

நான் குறுக்கே பேசவில்லை. காத்திருந்தவரைக் கைகாட்டி ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, போனைக் காதில் நன்றாக வைத்துக்கொண்டேன்.